தட்டிப் போட்டால் போதும்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காருக்கு எந்த நோய் கண்டாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுவரில் தட்டுவது. பிக்கப் இல்லையா, தட்டு. மைலேஜ் கொடுக்கவில்லையா, தட்டு. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா, அதற்கும் தட்டு. முன்சக்கரத்தில் காற்று இறங்கி நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஏர் ஃபில்டரையும் ஒருக்காத் தட்டிப் போடுங்" என்று சொன்னவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். காற்று சம்பந்தப்பட்ட கேஸ் எல்லாம் ஒரே டிபார்ட்மெண்ட் என்பது அவருடைய கட்சி.

தட்டுவதற்கு எல்லாச் சுவரும் ஆகாது. புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். ஒர்க்‌ஷாப்புகளில் இதற்கென்றே ஒரு தூண் உண்டு. மேலும் கீழும் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்க, இடுப்பு உயரத்தில் மட்டும் கறுத்துப் போயிருக்கும். ஊரில் உள்ள அத்தனை கார்களின் மூச்சும் அதில் பதிவாகியிருக்கிறது. தட்டி முடித்ததும் கம்ப்ரஸர் குழாயை எடுத்து 'புஸ்' என்று ஒரு அடி. பையனுக்கு ஐம்பது ரூபாய். வண்டி பறக்கும் என்று உத்தரவாதம்.

இந்த வைத்தியத்துக்கு நான் எதிர்க்கட்சி. ஊரில் என் கட்சிக்கு என்னைத் தவிர உறுப்பினர் கிடையாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்காக எரிய, எடைக் கணக்கில் அதற்கு 14.7 மடங்கு காற்று வேண்டும். கிட்டத்தட்ட 11 கிலோ. கன அளவில் பார்த்தால் ஏறத்தாழ 9,000 லிட்டர். பங்க்கில் ஒரு லிட்டருக்கு நூறு ரூபாய்க்கு மேல் எண்ணி வாங்குகிறார்கள். அதோடு சேரவேண்டிய 9,000 லிட்டரை ஆகாயம் இலவசமாகத் தருகிறது. இலவசம் என்பதால் கொஞ்சம் மண் கலந்து தருகிறது. அந்த மண்ணைப் பிரிப்பதற்குத்தான் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் விசிறி மடிப்பாக மடித்த காகிதம். சின்னக் கார் ஃபில்டரைக்கூட மடிப்புப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ ஒரு செய்தித்தாளின் பரப்பு வரும்.

எஞ்சினுக்குக் கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரிகிற மண் அல்ல. தலைமுடியின் தடிமனில் நாலில் ஒரு பங்குகூட வராத துகள்கள் இருக்கின்றனவே, அவைதான் வில்லன்கள். பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் ஆயிலோடு கலந்து, உப்புத்தாள் வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். ஃபில்டரைச் சுவரில் தட்டினால் உதிர்வது பெரிய மண். பொடித் துகள் காகிதத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கூடுதலாக விளிம்பு நெளியும், ஓரத்து ரப்பர் விரியும். பிறகு கம்ப்ரஸர். டயருக்குக் காற்று அடிக்கிற வேகத்தில் காகிதத்தில் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத பொத்தல் விழ வாய்ப்பு உண்டு. பொத்தல் விழுந்த ஃபில்டர் பார்வைக்குப் படு சுத்தமாக இருக்கும். காற்றும் தடையில்லாமல் போகும். பிக்கப்பும் கொஞ்சம் கூடும். தட்டியவருக்கு நல்ல பேர், எஞ்சினுக்குத் தேய்மானம். பல பிரபலங்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இன்னொரு விஷயத்தைச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை. லேசாக அழுக்குப் பிடித்த ஃபில்டர், பெட்டி பிரித்த புது ஃபில்டரைவிடக் கொஞ்சம் நன்றாகவே வடிகட்டும். முதலில் படிந்த தூசு, பின்னால் வரும் தூசுக்கு வலையாகிவிடுகிறது. அதனால் வாராவாரம் திறந்து பார்த்துத் தட்டித் தட்டி வைக்கிறவர், வாராவாரம் அந்த வலையை அறுத்துக்கொண்டிருக்கிறார். திறக்காமல் விட்டவருடைய எஞ்சின் அவருடையதைவிட சௌக்கியமாக இருக்கும். சோம்பேறிக்கு இவ்வளவு சாதகமான இயந்திரத் தத்துவம் வேறு இல்லை.

ஆனாலும் ஒரு நாள் அடைத்துப்போகும், மாற்றித்தான் ஆகவேண்டும். எங்கள் பக்கம் அந்த நாள் சீக்கிரம் வரும்.

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை நீளமாகப் படுத்திருக்கிறது. அதில் பெரிய இடைவெளி என்றால் பாலக்காட்டுக் கணவாய்தான். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கதவில்லாத வாசல். மார்கழி, தை மாதங்களில் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வறண்ட காற்று இந்த வாசல் வழியாக இரவும் பகலும் வீசும். கொடியில் போட்ட வேட்டியைப் பக்கத்துத் தோட்டத்தில் போய் எடுக்கவேண்டும். ஆனி, ஆடியில் அதே வாசல் வழியாகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே திரும்பும். கேரளம் என்றதும் படகு வீட்டையும் வாழையிலையையும் நினைத்துக்கொள்கிற வெளியூர் நண்பர்களை நான் மாசி மாதத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அழைப்பேன். பனைமரம், தென்னந்தோப்பு, நிலக்கடலைக் காடு, கரிசல் மண், மழை குறைந்த வானம், கல் குவாரி லாரி. வந்தவர்கள் முகம் கழுவிவிட்டு, "கேரளா பார்டர் எப்ப வரும்?" என்று கேட்பார்கள்.

இரண்டு மாநிலத்துக்கும் தண்ணீர் விஷயத்தில் ஒப்பந்தம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக்குப் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம், 1970-இல் கையெழுத்தானது. சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று கணக்கு. என் மாமனார் ஊர் இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் முல்லைப் பெரியாறு; 1886-இல் எழுதியது, 999 வருஷக் குத்தகை. காற்றுக்கு மட்டும் ஒருவரும் ஒரு பத்திரமும் எழுதவில்லை. தையில் தமிழ்நாட்டு மண் எந்தப் பாஸும் இல்லாமல் கேரளத்துக்குள் வருகிறது. ஆனியில் கேரளத்து மண் திரும்பிப் போகிறது. கொடுக்கல் வாங்கலில் கொஞ்சம் என் கார் ஃபில்டரில் தங்கிவிடுகிறது. இந்த நிலுவை யாருக்குச் சேரவேண்டியது என்று எந்த நடுவர் மன்றமும் சொன்னதில்லை. இரண்டு அரசாங்கமும் கேட்கும் வரை நானே வைத்துக்கொள்கிறேன்.

வண்டி சின்ன மாருதி. நம்பர் கே.எல். 70, அதாவது சித்தூர். ஃபில்டர் வாங்கச் சித்தூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால் முதல் கேள்வி, "ஏசி ஃபில்டரோ, எஞ்சின் ஃபில்டரோ?" என்பது. நியாயமான கேள்வி. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது நாம் சுவாசிக்கும் காற்றுக்கானது. பானெட்டுக்கு அடியில் இருப்பது எஞ்சினுக்கானது. ஒன்றைக் கேட்டு இன்னொன்றை வாங்கிப்போய், இரண்டு வாரம் காரில் வைத்திருந்து, திருப்பிக் கொடுக்க வந்து நிற்கிறவர்களைக் கடைக்காரர் தினமும் பார்க்கிறார். அடுத்து, "பெட்ரோலோ டீசலோ?" அடுத்து, "ஏது வருஷம் சாரே?" அவர் மலையாளத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்வேன், ரசீது இங்கிலீஷில் வரும். எல்லையோரத்தில் இதை ஒருவரும் அதிசயமாக நினைப்பதில்லை.

விலை முந்நூறு ரூபாய்க்கு முன்னேபின்னே. வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் எந்தப் பொருளையும் ஒரு மாநிலத்தில் மட்டும் விலை கேட்டு வாங்குவது கௌரவக் குறைவு. "பொள்ளாச்சில நாப்பது ரூபா கம்மிங்" என்பார் ஒருவர். பொள்ளாச்சி இருபது சொச்சம் கிலோமீட்டர். நாற்பது ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவதா என்றால், அதற்கும் பதில் தயாராக இருக்கிறது: பெட்ரோல். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு லிட்டருக்கு மூன்று ரூபாய் வரியைக் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளம் இரண்டு ரூபாய் செஸ் போட்டது. அதிலிருந்து கோபாலபுரம் எல்லையைத் தாண்டிப் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது எங்கள் தேசியப் பழக்கம். பெட்ரோலுக்காகப் பொள்ளாச்சி போகிறோமா, பொள்ளாச்சி போவதற்காகப் பெட்ரோல் போடுகிறோமா என்று கணக்குப் பார்த்தவர் இல்லை. பார்த்தால் மனசு சங்கடப்படும்.

மூன்றாவது வழி சர்வீஸ் சென்டர். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. எல்லா இடத்திலும் ஒரே நாடகம்தான். ஏசி அறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்கள். பத்து நிமிஷம் கழித்து சட்டையை உள்ளே விட்ட ஒரு தம்பி, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்ல வந்த தரகரின் முகத்தோடு, உங்கள் ஏர் ஃபில்டரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார். ஒன்றும் பேசமாட்டார். ஃபில்டரைக் காட்டுவார், உங்களைப் பார்ப்பார். "சார், இதைப் பாருங்க." பார்க்கும் எவருக்கும் குற்ற உணர்ச்சி வந்துவிடும். தலையாட்டிவிடுவீர்கள். பில்லில் ஃபில்டருக்கு ஒரு விலையும், அதை எடுத்து வைத்ததற்கு லேபர் என்று தனியாக ஒரு தொகையும் இருக்கும். அந்த லேபர் எவ்வளவு நேரம் நடந்தது என்று விசாரித்தால் உங்கள் காப்பி ஆறும் நேரத்தைவிடக் குறைவு. அதனால்தான் இதை வீட்டிலேயே செய்வது என்று முடிவு கட்டினேன்.

வேலை சுலபம், ஆனால் தனியாகச் செய்ய முடியாது. ஆள் தேவைப்படுகிறது என்பதால் அல்ல. ஆள் வந்துவிடுகிறது என்பதால். எங்கள் தெருவில் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவேண்டும். பானெட்டுக்கு அதுவும் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கி நிறுத்தியதும் முதலில் வந்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். கேரள அரசு பஸ்ஸில் பாலக்காடு-கோயம்புத்தூர் ஓட்டி ரிட்டயர் ஆனவர். வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலத்தை எதிர்த்திசையில் போய்க் கடந்த வீரர். பின்னாலேயே பள்ளிக்கூட வாத்தியார், கள் இறக்கிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பைக்காரர், போனில் வீடியோ பார்த்துக்கொண்டே வந்த என் அக்கா மகன்.

"ஏனுங் தம்பி, வண்டிக்கு என்னாச்சுங்?"

"ஒண்ணும் ஆகலீங். ஏர் ஃபில்டர் மாத்தறேன்."

"மாத்தறதுக்கு என்னுங் இருக்குது? தட்டிப் போட்டாப் போதுமுங்."

பைக்காரர் ஆமோதித்தார். வாத்தியார் ஒரு படி மேலே போய், தட்டுவதற்கு நல்ல இடமாக என் வீட்டுத் திண்ணையைச் சுட்டிக்காட்டினார்.

பெட்டி மூடியில் நாலு கிளிப். முன்னால் இருக்கும் மூன்றும் விரல் பட்டாலே கழன்றுகொள்ளும். நாலாவது, மூடிக்குப் பின்புறம், எஞ்சினுக்கும் கண்ணாடிக்குக் கீழேயுள்ள இரும்புச் சுவருக்கும் நடுவில். அதை அங்கே வைத்த எஞ்சினியருக்கு விரல் ஒரு முழம் இருந்திருக்கவேண்டும். கண்ணால் பார்க்க முடியாது, கையால் தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும். தடவும்போது நாலு பேரும் நாலு திசை சொன்னார்கள். "இன்னும் கொஞ்சம் எடத்தால", "இல்லீங், சோத்தாங்கைப் பக்கம்", "மாமா, வீடியோல அவர் மொதல்ல பேட்டரி வயரைக் கழட்டறாரு." அந்த வீடியோ வேறு வண்டிக்கானது என்பது பிறகு தெரிந்தது. கடைசியில் அக்கா மகனின் கையை உள்ளே விடச் சொன்னோம். 'டக்' என்றது.

மூடியைத் தூக்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஃபில்டருக்கு அடியில், தூசுக்காற்று வந்து சேரும் பக்கத்தில், நிலக்கடலைத் தோல் ஒரு பிடி. கொஞ்சம் தேங்காய் நார். இரண்டு விட்டில் பூச்சி. ஒரு பக்கத்து மடிப்பு ஓரமாகக் கடிபட்டு இருந்தது. எங்கள் பக்கம் கடலை அறுவடை முடிந்தால் எலிகளுக்குக் குடியிருப்புப் பிரச்சினை வரும். ராத்திரி ஓட்டிவிட்டு நிறுத்திய கார் எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும், மழை விழாது, பூனை வராது. காற்று வரும் குழாய் நேரே கொண்டுபோய் இந்த அறையில் விடும். மேலே காகிதக் கூரை வேறு.

"இதைத் தட்டிப் போடலாமுங்களா?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

அவர் ஃபில்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எலி இருந்த எடத்தைத் தட்டோணுமுங், தட்டிட்டு ஓட்டலாமுங்" என்றார். கொள்கையில் உறுதி என்றால் இதுதான்.

செல்போன் டார்ச்சைக் காகிதத்துக்குப் பின்னால் பிடித்துக் காட்டினேன். நல்ல ஃபில்டர் என்றால் மடிப்பு முழுக்க மங்கலாக வெளிச்சம் கசியும். இதில் ஒரு பக்கம் அமாவாசை. கடிபட்ட ஓரத்தில் மட்டும் பளீரென்று நட்சத்திரம். வாத்தியார் கட்சி மாறிவிட்டார். பைக்காரருக்குக் கள் இறக்கிய கையோடு அவசர வேலை ஞாபகம் வந்தது.

பிறகு நடந்தது நிஜமாகவே பத்து நிமிஷ வேலை. எஞ்சினுக்குப் போகும் வாய்க்குள் குப்பை விழாமல் ஒரு துணியைச் செருகிக்கொண்டு, பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்தேன். ஊதக்கூடாது, ஊதினால் மண் எங்கே போகக்கூடாதோ அங்கேதான் போகும். துணியை மறக்காமல் எடுக்கவேண்டும். யாரோ ஒருவர் எடுக்க மறந்து, வண்டி மூச்சுத் திணறி, இரண்டு மெக்கானிக் பார்த்து, ஃப்யூயல் பம்ப் மாற்றி, கடைசியில் துணி கிடைத்த கதையை அந்த நேரம் பார்த்துப் பெரியவர் விஸ்தாரமாகச் சொன்னார். அந்தத் துணி தன் வேட்டித் துண்டு என்று அவரே சொன்னதால் அது யாருடைய வண்டி என்று நான் கேட்கவில்லை. புது ஃபில்டரின் ரப்பர் விளிம்பு, பெட்டியின் பள்ளத்தில் சுற்றிலும் சரியாக உட்காரவேண்டும். ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தால் முந்நூறு ரூபாயும் வீண். காற்றுக்குச் சந்து கிடைத்தால் காகிதத்தை எதற்குத் துளைக்கப்போகிறது? நாலாவது கிளிப்பை மாட்ட மறுபடி அக்கா மகன்.

பழைய ஃபில்டரைக் குப்பையில் போடப் போனால் பெரியவர் பதறிவிட்டார். "வீசாதீங் தம்பி! ஒரு ஆபத்துக்கு ஆகுமுங்." எலி கடித்த ஃபில்டர் எந்த ஆபத்துக்கு ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் டிக்கியில் வைத்தேன்.

அந்த மாதமே மாமனார் ஊருக்குப் பயணம். பூப்பாறை, இடுக்கி மாவட்டம், ஏலக்காய் நாடு. எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக, கேரளத்தை விட்டு வெளியேறி, தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சுற்றி, சின்னாறு காட்டில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர், மூணாறு, தேவிகுளம் என்று ஏறவேண்டும். ஒரே மாநிலத்துக்குள் பெண் எடுத்தவன் இரண்டு தடவை எல்லை தாண்டுகிறான்.

மறையூர் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் வண்டி இழுக்கவில்லை. பின்சீட்டிலிருந்து உடனே தீர்ப்பு வந்தது: "புது ஃபில்டர் செட் ஆகலை. அந்தப் பழசையே தட்டிப் போட்டிருக்கலாம்." சொன்னது என் மனைவி. எதிர்க்கட்சிக்கு வீட்டுக்குள்ளும் ஓட்டு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதிலும் ஃபில்டருக்கு எதிராகச் சாட்சி கிடையாது. மூணாறு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் அதே அளவு காற்றைத்தான் இழுக்கிறது. அதில் பிராணவாயு குறைச்சல், அதற்கேற்பச் சக்தியும் குறைச்சல். சின்ன எஞ்சின், நாலு பெரியவர்கள், ஒரு குழந்தை, மாமியாருக்கு இருபது தேங்காய், அரை மூட்டை நிலக்கடலை. ஏழில் ஒரு பங்கு குறைந்ததில் ஆச்சரியமில்லை. மீதி ஆறு பங்கு வேலை செய்ததுதான் ஆச்சரியம்.

மாமனார் ஜீப்காரர். விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவையும் தூக்கத்திலேயே ஒடிக்கக்கூடிய ஆட்கள். அவரும் அப்படி ஓட்டியவர். இப்போது ஓட்டுவதில்லை. ஆனால் பழைய மகிந்திரா ஜீப் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. வீட்டில் எல்லாருக்கும் மூத்தது அதுதான்.

டிக்கியிலிருந்து தேங்காயை இறக்கும்போது பழைய ஃபில்டர் அவர் கண்ணில் பட்டது.

"இதென்னா மாப்ள, பேப்பரு?"

"ஏர் ஃபில்டர் மாமா."

"பேப்பருல வண்டி ஓட்டுறீங்களா? எஸ்டேட்டுல கணக்குப்பிள்ளைதான் பேப்பர வச்சுப் பொழைப்பான். வாங்க, நம்ம வண்டிய வந்து பாருங்க."

ஜீப்பின் பானெட்டைத் திறந்தார். ஓரத்தில் கறுப்பாக, மூடி போட்ட தகர டப்பா ஒன்று. மேல்பகுதியைக் கழற்றினால் அடியில் கிண்ணம், கிண்ணத்தில் கோடு போட்ட அளவுக்கு எஞ்சின் ஆயில். வெளிக்காற்று வேகமாகக் கீழே இறங்கி, ஆயிலின் மேல்பரப்பில் சட்டென்று திரும்பி மேலே போகவேண்டும். காற்று திரும்பிவிடும். கனமான தூசுக்குத் திரும்பத் தெரியாது, ஆயிலில் விழுந்துவிடும். தப்பித்ததை மேலே உள்ள கம்பி வலை பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் கிண்ணத்தின் அடியில் சேறு கட்டும். அதை வழித்துக் கொட்டி, டீசலில் அலசி, புது ஆயிலைக் கோடு வரை ஊற்றினால் முடிந்தது. கடைக்குப் போகவேண்டாம், வருஷம் சொல்லவேண்டாம், "ஏசி ஃபில்டரோ" என்ற கேள்வி இல்லை.

நேர்மையாகச் சொன்னால், வடிகட்டும் திறனில் காகிதம்தான் மேல். பொடித் தூசு இந்த ஆயில் கிண்ணத்தை ஏமாற்றிவிட்டுப் போய்விடும். முக்கியமாக எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றுக்குச் சுழல வேகம் போதாது. உலகம் காகிதத்துக்கு மாறியது சும்மா இல்லை. ஆனால் அதை நான் மாமனாரிடம் சொல்லவில்லை. காரணம், அவர் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சொன்ன ஒரு வாக்கியம்:

"இந்தப் பயலுக எல்லாம் டொக்கு டொக்குன்னு தட்டுவானுங்களே மாப்ள, இதத் தட்டிப் பாக்கச் சொல்லுங்க. ஆயிலு மூஞ்சில அடிக்கும்."

என் கட்சியில் இன்னொரு உறுப்பினர் சேர்ந்துவிட்டார். அதுவும் மாவட்டம் தாண்டி.

மலையில் ஃபில்டருக்கு வேறு வகை ஆபத்து. தூசு மாசி, பங்குனியில் மட்டும், எஸ்டேட் மண் ரோட்டிலும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப் பாதையிலும். மீதி மாதங்களில் மழை, மூடுபனி, சருகு, ராத்திரி விளக்கைப் பார்த்து வரும் பூச்சி. காகிதம் நனைந்தால் உப்பிக்கொண்டு காற்றை மறிக்கும். முழுக்க நனைந்ததை அடுப்பங்கரையில் காயவைத்து மாட்டுகிற வழக்கம் மலையில் இருக்கிறது. வேண்டாம்; காய்ந்த பிறகு அது பழைய காகிதம் இல்லை. அப்பளம் காய்கிற இடத்தில் அதற்கு வேலையும் இல்லை.

ஊர் திரும்பியதும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "புதுசு போட்டீங்களே, மைலேஜ் ஏறுச்சுங்களா?"

ஏறவில்லை. ஏறாது என்பதுதான் உண்மை. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்தக் கால ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் பெட்ரோல் கார்களில் ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் சொல்லும்படி மாறுவதில்லை. வண்டி வேகமெடுப்பது மட்டும் மந்தமாகிறது. உள்ளே வரும் காற்று எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைத்துவிடும். கார்பரேட்டர் வண்டிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. காற்று குறைந்தாலும் பெட்ரோலைத் தாராளமாக ஊற்றும், கறுப்புப் புகை விடும். அங்கே ஃபில்டர் சுத்தமானால் மைலேஜ் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஆறு வரை கூடியது என்று அதே ஆய்வுக்கூடம் பிறகு சொன்னது. ஆகப் பெரியவர் சொன்னது பொய்யில்லை. அம்பாசடர் காலத்துக்கு அது சரியான வைத்தியம். நம் ஊரில் 2000-ஐ ஒட்டிக் கார்பரேட்டர் கார்கள் விடைபெற்றன. தட்டுவது மட்டும் ஓய்வு பெறாமல் பணியில் தொடர்கிறது.

இதை அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அமெரிக்காவுல தூசு கம்மிங் தம்பி" என்றார்.

அப்படியானால் எதற்காக மாற்றுவது என்று கேட்பீர்கள். எஞ்சினுக்காக. மைலேஜ் என்பது இன்றைய பெட்ரோல் செலவு. தேய்மானம் என்பது ஐந்து வருஷம் கழித்து வரும் எஞ்சின் வேலைச் செலவு. பின்னதற்கு முன்னால் முந்நூறு ரூபாய் ஒரு தொகையே இல்லை. உங்கள் காரின் கையேட்டில் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்று போட்டிருக்கும். அது நல்ல தார் ரோட்டுக்கான கணக்கு. தூசு மிகுந்த இடமென்றால் அதற்கு முன்பே பார்க்கச் சொல்லி அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இருப்பவர்கள் அந்தச் சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக வாசித்துக்கொள்ளவும். கடலை அறுவடை முடிந்ததும் ஒருமுறை பெட்டியைத் திறந்து யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளவும். கடைக்குப் போகும்போது வண்டியின் வருஷத்தையும், பெட்ரோலா டீசலா என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். நாலாவது கிளிப்புக்கு, விரல் நீளமான ஒரு பையனை முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள்.